எந்த சாண்டர் வாங்குவது? விரலின் இடத்திலிருந்து ஒரு கணக்கு

வாள் இயந்திரத்தின் பக்கத்தில் போகும்போது யாரும் சொல்லாமலே கை சுதாரித்துக்கொள்ளும். பல் கண்ணுக்குத் தெரிகிறதே. மரத்தைத் தேய்த்து வழுவழுப்பாக்கும் சாண்டரில் சுற்றுவது உப்புத்தாள்தான், என்ன செய்துவிடப் போகிறது என்ற எண்ணத்தில் விரல் நெருங்கிப் போகிறது. பட்டறையில் நிலையாக நிற்கும் சாண்டர் வாங்க நினைப்பவர்களும் மோட்டார் எத்தனை குதிரைத்திறன், பெல்ட் எத்தனை அங்குலம் என்று துருவித் துருவிக் கேட்பார்கள். பாதுகாப்பு என்று வந்தால் கண்ணாடி, மாஸ்க் என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

இந்த ஒப்பீட்டில் நான் மறுமுனையிலிருந்து வருகிறேன். நீங்கள் அதிகம் தேய்க்கப்போகும் துண்டு எவ்வளவு பெரியது? அதைப் பிடித்திருக்கும் விரலுக்கும் ஓடும் தாளுக்கும் நடுவே எவ்வளவு மரம் இருக்கும்? இதற்குப் பதில் தெரிந்தால், டிஸ்க் (வட்டு), பெல்ட் (ஓடும் பட்டை), ஸ்பிண்டில் (செங்குத்தாக நிற்கும் சிறு உருளை), டிரம் (பலகையை மேலிருந்து தேய்க்கும் பெரிய உருளை) என்ற நான்கில் எது உங்களுக்கு என்பது பாதி முடிவான மாதிரிதான்.

முதலில் வேகத்தைப் பார்ப்போம், ஏனென்றால் அதை விற்பவர்கள் சரியாகச் சொல்வதில்லை. பெட்டியில் நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று மட்டும் போட்டிருக்கும். விரலில் படுவது சுற்று எண்ணிக்கை இல்லை, தாள் ஓடும் வேகம். 12 அங்குல வட்டு நிமிடத்துக்கு 1440 முறை சுற்றினால், அதன் விளிம்பு வினாடிக்கு ஏறக்குறைய 23 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 80 கிலோமீட்டருக்கும் மேல். அதே 1440 சுற்றில் 2 அங்குல ஸ்பிண்டிலின் மேற்பரப்பு வினாடிக்கு 4 மீட்டரைக்கூட எட்டாது. அரை அங்குல ஸ்பிண்டில் என்றால் ஒரு மீட்டர்தான். இரண்டும் சாண்டர்தான், மோட்டாரின் சுற்றும் ஒன்றுதான். ஆனால் விரல் தவறிப் பட்டால், ஒன்றில் மேல்தோல் உரியும், இன்னொன்றில் நகத்தோடு சதையும் போகும். அந்தக் காயத்துக்குள் மரத்தூளும் தாளின் துகளும் ஏறிவிடுவதால் ஆறவும் நாளாகும்.

டிஸ்க் சாண்டர்

நான்கில் மிக எளிமையானது இது. மோட்டார், அதன் முகத்தில் ஒரு வட்டு, முன்னால் ஒரு மேசை. கட்டையின் வெட்டுமுனையைச் சதுரமாக்கவும், வெளிவளைவைக் கோட்டுக்குக் கொண்டுவரவும், 45 பாகை மூலையைத் துல்லியமாக்கவும் இதைப்போல வேறொன்று இல்லை.

இதன் பாதுகாப்பு முழுவதும் இரண்டு விஷயத்தில் அடங்கியிருக்கிறது. ஒன்று, எந்தப் பாதியில் வேலை செய்கிறீர்கள் என்பது. பெரும்பாலான இயந்திரங்களில் வட்டு, எதிரே நிற்பவருக்கு இடஞ்சுழியாகச் சுற்றும். அதனால் இடப்பாதி மேசையை நோக்கி இறங்கும், வலப்பாதி மேலே ஏறும். இறங்கும் பாதியில் வைத்தால் வட்டே கட்டையை மேசையில் அழுத்திக் கொடுக்கிறது. ஏறும் பாதிக்குப் போனால் கட்டையைத் தூக்கி எறியும், தூளையும் முகத்தில் அடிக்கும். வட்டின் அகலத்தைவிட நீளமான கட்டையை ஒரே இழுப்பில் தேய்க்கப் பார்ப்பவர்கள் மாட்டுவது இங்கேதான். இடப்பக்கம் அழுத்தும்போதே வலப்பக்கம் தூக்கும், கட்டை கையில் திருகும். எனவே 12 அங்குல வட்டு என்றால் உங்களுக்குப் பயன்படுவது 6 அங்குலத்துக்கும் குறைவு. வாங்கும்போது இந்தக் கணக்கைப் போடுங்கள். 6 அங்குல வட்டில் பாதி வெறும் 3 அங்குலம், அதிலும் மையத்தை ஒட்டிய பகுதியில் தாள் கிட்டத்தட்ட நகர்வதே இல்லை.

இரண்டாவது, மேசைக்கும் வட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி. ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. சிறு துண்டு ஒன்றைத் தேய்க்கும்போது என்ன நடக்கிறது என்று கிட்டத்தில் பாருங்கள். வட்டு கீழே இறங்குகிறது, துண்டின் கீழ்விளிம்பு தேய்ந்து மெலிகிறது. இடைவெளி அகலமாக இருந்தால் மெலிந்த அந்த விளிம்பு உள்ளே நழுவும், வட்டு அதை ஆப்பு போலக் கீழே இழுக்கும். துண்டு போனதும், அதை அழுத்திக்கொண்டிருந்த விரல் அதே வேகத்தில் தாளை நோக்கிப் போகும். கையை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது.

இந்த இடைவெளி ஒருமுறை சரிசெய்தால் அப்படியே இருந்துவிடும் என்றும் நம்ப முடியாது. மேசையைக் கோணத்துக்குச் சாய்க்கும்போது, அது எந்த அச்சில் திரும்புகிறது என்பதைப் பொறுத்து இடைவெளி விரியும். நல்ல இயந்திரத்தில் சாய்த்த பிறகு மேசையை வட்டின் பக்கம் தள்ளி மறுபடி இறுக்கலாம். மலிவானவற்றில் அந்த வசதி இல்லை, 45 பாகையில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு வாய் திறந்து நிற்கும். கடையில் இயந்திரத்தைப் பார்க்கும்போது மேசையைச் சாய்த்துக் காட்டச் சொல்லுங்கள். மோட்டாரைவிட இதுதான் முக்கியம் என்பேன்.

இன்னொன்று, சுவிட்சை அணைத்த பிறகும் கனமான இரும்பு வட்டு வெகுநேரம் சுற்றிக்கொண்டிருக்கும். சத்தம் அடங்கிவிட்டதால் நின்றுவிட்டது என்று நினைத்து மேசையில் கிடக்கும் துண்டை எடுக்கக் கை போகும். பிரேக் உள்ள மாதிரி கிடைத்தால் கூடுதல் காசு கொடுக்கலாம்.

பெல்ட்டும் டிஸ்க்கும் சேர்ந்தது

அதிகம் விற்பது இந்த இரட்டை இயந்திரம்தான். 4 அங்குல அகலத்தில் 36 அங்குல நீளம், அல்லது 6 அங்குல அகலத்தில் 48 அங்குல நீளம் உள்ள பெல்ட், பக்கத்தில் ஒரு வட்டு. ஒரே மோட்டாரில் இரண்டு வேலை என்பதுதான் விற்பனைப் பேச்சு. என் கருத்தில், முதல் இயந்திரமாக இதை வாங்குவதற்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஒரே மோட்டார் என்றால், நீங்கள் பெல்ட்டில் வேலை செய்யும்போது முழங்கைக்குப் பக்கத்தில் வட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். சின்ன மாதிரிகளில் வட்டின் மேசை தகடாக, லேசாக இருக்கும், அழுத்தினால் வளையும். வளைந்தால் மேலே சொன்ன இடைவெளி மாறும். எடையும் குறைவு என்பதால் மேசையில் போல்ட் போட்டு இறுக்காவிட்டால், நீளமான கட்டையை அழுத்தும்போது இயந்திரமே நகரும்.

பெல்ட் பகுதிக்கு அதன் சொந்த ஆபத்துகள் உண்டு. படுக்கை நிலையில் தேய்க்கும்போது கட்டை பின்தடுப்பில் முட்டி நிற்க வேண்டும். தடுப்பைக் கழற்றிவிட்டு வேலை செய்வதைப் பல பட்டறைகளில் பார்க்கலாம், நீளமான பலகைக்கு அது இடைஞ்சல் என்பார்கள். உண்மைதான். ஆனால் தடுப்பு இல்லாத பெல்ட்டில் சிறு துண்டை வைத்தால் அது பெல்ட் ஓடும் திசையில் பறக்கும். அந்தத் திசையில் ஆள் நிற்கக் கூடாது. தடுப்பு இருந்தாலும், அதன் அடிவிளிம்புக்கும் பெல்ட்டுக்கும் உள்ள இடைவெளி மெலிந்த துண்டு புகாத அளவுக்கு இருக்க வேண்டும், அதேசமயம் பெல்ட்டைத் தொடவும் கூடாது.

அடுத்தது, பெல்ட் உருளைமேல் ஏறும் இடம். ஓடும் பெல்ட்டும் சுழலும் உருளையும் சந்திக்கிற அந்த வாய் விரலையோ துணியையோ பிடித்தால் உள்ளே இழுக்கும். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிகளில் இதற்கென்றே தனி வரி உண்டு: பெல்ட் உருளைமேல் ஏறும் ஒவ்வொரு இடத்திலும் காப்பு இருக்க வேண்டும், வேலை நடக்காத பக்கத்துப் பெல்ட்டையும் கை படாமல் மூடியிருக்க வேண்டும். எந்த நாட்டில் இருந்தாலும் இந்த வரியை வைத்து ஒரு இயந்திரத்தை எடைபோடலாம். அடிப்பக்கப் பெல்ட் திறந்து கிடக்கிறதா, முனை உருளையின் மூடியைக் கழற்றி எங்கேயோ வைத்துவிட்டார்களா என்று பாருங்கள். உள்வளைவு தேய்ப்பதற்காக முனை உருளையின் மூடியை எடுப்பார்கள், அப்புறம் அது திரும்ப ஏறுவதே இல்லை.

மெல்லிய துண்டுதான் பெல்ட்டில் மிகப் பெரிய எதிரி. 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள சிறு பலகையை விரல்நுனியால் அழுத்தித் தேய்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முன்விளிம்பில் அழுத்தம் கொஞ்சம் கூடினால் அந்தப் பக்கம் வேகமாக மெலியும். மெலிந்த பக்கம் சாயும், சாய்ந்தால் இன்னும் வேகமாக மெலியும். நீங்கள் மேற்பரப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அடியில் மரம் தீர்ந்துகொண்டிருக்கிறது. அதனால் இப்படிப்பட்ட துண்டை நேரடியாக விரலால் அழுத்தவே கூடாது. அடியில் ரப்பர் ஒட்டிய தள்ளுகட்டையால் அழுத்தலாம், அல்லது இருபக்கம் ஒட்டும் டேப்பால் துண்டை ஒரு பெரிய கட்டையில் ஒட்டி, கட்டையைப் பிடித்துக்கொண்டு தேய்க்கலாம். டிஸ்க்குக்கும் இதே வழிதான்.

பெல்ட் மாட்டும்போது உள்பக்கத்தில் உள்ள அம்புக்குறி ஓடும் திசையோடு ஒத்திருக்க வேண்டும். பழைய முறையில் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டிய இணைப்பு, தலைகீழாக ஓடினால் பிய்ந்துகொள்ளும். அறுந்த பெல்ட் சவுக்கடி போல வீசும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் மாட்ட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்பிண்டில் சாண்டர்

மேசையின் நடுவே செங்குத்தாக ஒரு உருளை, அதில் உப்புத்தாள் உறை. சுற்றிக்கொண்டே மேலும் கீழும் ஏறி இறங்கும். இந்த அசைவால் தாள் ஒரே இடத்தில் தேயாது, மரமும் எளிதில் கருகாது. உள்வளைவு வேலைக்கு இதற்கு மாற்று இல்லை.

விரலின் கணக்கில் பார்த்தால் நான்கில் நான் முதலிடம் தருவது இதற்குத்தான். தாள் மெதுவாக ஓடுகிறது. துண்டு மேசையில் படுத்திருக்கிறது. இரண்டு கையும் மேசைமேல், உருளைக்கு இரண்டு பக்கமும் தள்ளி இருக்கின்றன. மேசையின் நடுத்துளைக்கு வளையங்கள் தருவார்கள், மாட்டியிருக்கும் உருளைக்குப் பொருந்தும் மிகச் சிறிய வளையத்தைப் போட வேண்டும். மெல்லிய உருளைக்குப் பெரிய வளையம் போட்டால், டிஸ்க்கில் பார்த்த அதே இடைவெளிப் பிரச்சினை இங்கேயும் வந்துவிடும்.

விதி ஒன்றுதான்: உருளை சுற்றும் திசைக்கு எதிராகக் கட்டையைத் தள்ளுங்கள். சுற்றும் திசையோடு தள்ளினால் உருளை கட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடும். வளைவின் உள்ளே கூர்மையான மூலை வரும்போது மெதுவாகப் போங்கள், அங்கேதான் பிடிக்கும்.

இதன் குறை, நேர்விளிம்புக்குச் சரிப்படாது என்பது. உருளை தொடுவது ஒரு கோட்டில் மட்டும், கை கொஞ்சம் தயங்கினால் அலை விழும். அதற்காகவே செங்குத்தாக நிற்கும் சிறு பெல்ட்டையும் ஸ்பிண்டிலையும் மாற்றி மாற்றிப் பொருத்தும் இயந்திரம் வருகிறது. மேலும் கீழும் அசையும் அந்தச் சிறு பெல்ட் விளிம்பு வேலைக்கு நன்றாகவே உதவும். இடம் குறைந்த பட்டறைக்கு, பெல்ட்-டிஸ்க் இரட்டையைவிட இந்த இரட்டையை நான் சிபாரிசு செய்வேன்.

டிரம் சாண்டர்

இது வேறு ஜாதி. பலகையை ஓடும் பட்டையின்மேல் வைத்தால் இயந்திரமே உள்ளே இழுத்து, மேலே மூடிக்குள் சுற்றும் உருளையால் ஒரே தடிமனுக்குத் தேய்த்து மறுபக்கம் தள்ளும். ஓடும் தாளின் அருகே கை போகவே வழியில்லை. அப்படியானால் இதுதான் பாதுகாப்பானதா? கைக்கு ஆமாம், ஆளுக்கு அவ்வளவு நிச்சயமில்லை.

இங்கே ஆபத்து பலகை பின்னால் எகிறுவது. உருளைக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த உருளைகள்தான் பலகையைப் பிடித்திருக்கின்றன. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைவிடக் குட்டையான துண்டைப் போட்டால், ஒரு கட்டத்தில் அதை யாரும் பிடித்திருக்க மாட்டார்கள். கையேட்டில் குறைந்தபட்ச நீளம் என்று போட்டிருப்பது அதற்காகத்தான். வெவ்வேறு தடிமனுள்ள இரண்டு பலகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் விடுவதும் இதே தவறுதான். அழுத்த உருளை தடித்ததன்மேல் ஏறி நிற்கும், மெல்லியது பிடியில்லாமல் கிடந்து சுழன்று வெளியே வரும். பலகையின் நேர்கோட்டில் நிற்காமல், பக்கவாட்டில் நின்றபடி அதை உள்ளே விடுங்கள். கனமான பலகையைக் கீழே கைகொடுத்துப் பிடித்திருந்தால், அது உள்ளே போகும்போது பலகைக்கும் மேசை விளிம்புக்கும் இடையே விரல் நசுங்கும், அதையும் மறக்க வேண்டாம்.

80 நம்பர் முரட்டுத் தாளில்கூட ஒரு ஓட்டத்தில் அரை மில்லிமீட்டருக்குள் எடுப்பதுதான் முறை. அவசரப்பட்டு அதிகம் இறக்கினால் தாள் அடைத்துக்கொள்ளும், மரம் கருகும், மோட்டார் திணறும்.

கையில் பிடிக்கும் பெல்ட் சாண்டரைக் கவிழ்த்துக் கிடுக்கியில் இறுக்கி நிலையான இயந்திரமாக்குவதும் ஒரு வழி என்று சிலர் சொல்வார்கள். தயாரித்தவரே அதற்கென்று தாங்கி கொடுத்திருந்தால் சரி. இல்லையென்றால் மேசை இல்லை, பின்தடுப்பு இல்லை, சுவிட்சு பூட்டிய நிலையில் அடியில் மாட்டிக்கொண்டிருக்கும். மிச்சமாகும் பணம் இந்தத் தொல்லைக்கு ஈடாகாது.

தூளின் கணக்கு

விரல் தவறினால் உடனே காட்டிவிடும் இயந்திரம், நுரையீரலுக்கு அப்படிக் காட்டாது. மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-இல் வெளியிட்ட தொகுப்பிலேயே முதல் பிரிவில் வைத்திருக்கிறது. ஓக், பீச் போன்ற கடின மரத் தூளுக்கும் மூக்கின் உட்பகுதியில் வரும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு இதில் தெளிவானது. ஐரோப்பிய ஒன்றியம் கடின மரத்தூளுக்கான வரம்பை 2023 ஜனவரியிலிருந்து ஒரு கனமீட்டர் காற்றுக்கு 2 மில்லிகிராம் என்று குறைத்தது. தேக்கு, ஈட்டி வகைகளின் தூள் சிலருக்குத் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும்.

இழைப்புளியின் சுருள் கீழே விழுந்து கிடக்கும். சாண்டரின் தூளில் மெல்லிய பங்கு மணிக்கணக்கில் காற்றில் நிற்கும், இயந்திரத்தை அணைத்து மாஸ்க்கைக் கழற்றிய பிறகுதான் பலர் அதை மூச்சில் வாங்குகிறார்கள். ஆகவே சாண்டரின் விலையில், தூளை உறிஞ்சிப் பையில் சேர்க்கும் டஸ்ட் கலெக்டரின் விலையையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். இந்தக் கணக்கில் டிரம் சாண்டர் மிகவும் செலவு வைக்கும், கலெக்டர் இல்லாமல் அதை ஓட்டவே கூடாது. ஸ்பிண்டிலுக்குப் பட்டறை வேக்குவம் ஓரளவு போதும், தூள் துளைக்குள்ளேயே விழுகிறது. டிஸ்க்கும் திறந்த பெல்ட்டும்தான் நடுவில் தொல்லை: 4 அங்குலக் குழாய் போட்டாலும் மேசைக்கு மேலே கொஞ்சம் தப்பித்து வரத்தான் செய்யும், மாஸ்க் கட்டாயம்.

கலெக்டரின் பையையும் பாருங்கள். 30 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துணிப்பை என்றால், கண்ணுக்குத் தெரியும் தூளைப் பிடித்துக்கொண்டு, தெரியாததை அறைக்குள்ளேயே ஊதிவிடும். தரை சுத்தமாக இருப்பதால் காற்றும் சுத்தம் என்று தோன்றும். 1 மைக்ரான் வடிகட்டி உள்ளதை எடுங்கள்.

மரத்தூள் குழாய் மாட்டிய சாண்டரில் இரும்பைத் தேய்க்காதீர்கள். உளி முனையைக் கொஞ்சம் சீர் செய்கிறேன் என்று பெல்ட்டில் வைத்தால், பறக்கும் பொறி நேராகத் தூள்பைக்குள் போகும். பை உடனே பற்றாமல், உள்ளே கனன்று, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகுகூட எரியலாம். பழைய மரத்தில் ஒளிந்திருக்கும் ஆணியும் இதைச் செய்யும், தேய்க்கும் முன் பார்த்துப் பிடுங்கிவிடுங்கள். பழைய பெயிண்ட் அடித்த மரத்தை இயந்திரத்துக்கே கொண்டுபோகாதீர்கள், அதில் ஈயம் இருக்கலாம்.

யாருக்கு எது

பொம்மை, கைப்பிடி, வளைந்த அலங்காரத் துண்டு என்று உள்ளங்கையளவு வேலை செய்பவர்கள் ஸ்பிண்டிலிலிருந்து தொடங்கலாம். சட்டம், பெட்டி, நாற்காலிக்கால் என்று மூலை பொருத்தும் வேலை அதிகமென்றால் 12 அங்குலத் தனி டிஸ்க், வார்ப்பிரும்பு மேசையோடு. ஆனால் வாரத்துக்கு நாலைந்து மூலைதான் என்றால் இயந்திரமே வேண்டாம். இழைப்புளியும், கட்டையைச் சதுரமாகத் தாங்கும் ஒரு பலகையும் போதும், தூள் இல்லை, சத்தமும் இல்லை. ஒட்டுப்போட்ட அகலப் பலகைகளைத் தினமும் சமப்படுத்துபவர்களுக்குத்தான் டிரம். பெல்ட்-டிஸ்க் இரட்டை, நீளமான கட்டைகளில் முரட்டு வேலை செய்பவர்களுக்குப் பயன்படும், சிறு துண்டுகளை அதில் கொண்டுபோகாத ஒழுக்கம் இருந்தால்.

எதை வாங்கினாலும் கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்யாதீர்கள். கையைக் காக்கும் என்று நினைப்போம், ஆனால் கையுறையின் நுனியைத் தாள் கவ்வினால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். மோதிரம், தொங்கும் கயிறு, அவிழ்ந்த முடி, நீண்ட சட்டைக்கை எல்லாம் இதே கணக்குதான்.

பலர் வந்து போகும் பட்டறை, பயிற்சிக்கூடம் என்றால் இந்தத் தேர்வில் இரண்டு விஷயம் கூடுகிறது. மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் தானாக ஓடத் தொடங்காத சுவிட்சு வேண்டும், அதைப் பூட்டும் வசதியும் வேண்டும். சாதாரணத் தட்டுச் சுவிட்சு உள்ள இயந்திரம் மின்தடைக்குப் பிறகு ஆளில்லாமலே சுற்ற ஆரம்பிக்கும், அப்போது யாரோ மேசைமேல் குனிந்து தூள் துடைத்துக்கொண்டிருப்பார். பழைய இயந்திரம் மலிவாகக் கிடைக்கிறது என்றால் வாங்குங்கள், தவறில்லை, ஆனால் முதல் செலவு அந்தச் சுவிட்சை மாற்றுவதாக இருக்கட்டும். தாளும் பெல்ட்டும் அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளலாம்.